தும்மினாலே சிறுநீர் கசியுதா? 1948-லேயே வழி சொன்ன டாக்டர் ஆர்னால்ட் கெகல்... யார் இவர்?

திருப்பூர் ராயபுரம். ஒரு ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட் என்று பனியன் கம்பெனி மெஷின்கள் ஓடிக்கொண்டே இருக்கும் ஏரியா. ஓவர்லாக், பேட்லாக், செக்கிங் என்று எந்த செக்‌ஷனுக்குப் போனாலும் பெண்கள்தான் அதிகம். அதில் பலர் குழந்தை பெற்றவர்கள். பஞ்சுத் தூசி பறக்கிற இடத்தில் தும்மல் வருவது சகஜம். ஆனால், அந்தத் தும்மலோடு சேர்ந்து ரெண்டு சொட்டு சிறுநீரும் கசிந்துவிட்டால்?

பக்கத்து மெஷினில் இருக்கும் அக்காவிடம்கூட இதைச் சொல்ல மாட்டார்கள். வீட்டில் சொன்னாலும், பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அதனால் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடிப்பார்கள். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது! அது சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் என்று வேறு இரண்டு பிரச்சினைகளைக் கூட்டி வரும்.

சரி, இதற்கு மருந்து, ஆபரேஷன் இல்லாமல் வழி உண்டா? உண்டு. கர்ப்பமாக இருக்கும்போதே ஆரம்பித்தால் கசிவு வரும் வாய்ப்பையே குறைக்கலாம். இன்றைக்கு ரீல்ஸில் கெகல் பயிற்சி, கீகல் எக்சர்சைஸ் என்று சுற்றிக்கொண்டிருப்பது அதுதான். அந்தப் பெயருக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு டாக்டர் இருந்தார். அவர் சொன்னதில் பாதியைத்தான் உலகம் எடுத்துக்கொண்டது. விட்டுப்போன மீதிப் பாதிதான் இந்தக் கதையில் ரொம்ப முக்கியம்.

யார் இந்த கெகல்?

ஆர்னால்ட் ஹென்றி கெகல், 1894 பிப்ரவரி 21 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள லான்சிங் என்ற ஊரில் பிறந்தவர். மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர் அது. மருத்துவம் படித்துவிட்டு சிகாகோவுக்கு வந்தார்.

அவருடைய வாழ்க்கையில் பலருக்கும் தெரியாத ஒரு அத்தியாயம் சிகாகோவில் இருக்கிறது. 1927 முதல் 1931 வரை அந்த மாநகரத்தின் சுகாதார ஆணையராக இருந்தவர் இவர்தான். நம் ஊர் கணக்கில் சொன்னால், மாநகராட்சியின் மொத்த சுகாதாரத் துறைக்கும் தலைவர். அப்போது சிகாகோவின் மக்கள்தொகை 30 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அல் கபோன் போன்ற தாதாக்களின் பெயர் தினமும் பேப்பரில் அடிபட்ட காலம். மேயர் மாறினால் சுகாதார ஆணையரும் மாறுகிற பதவி அது. 1931-ல் மேயர் மாறினார், கெகலின் பதவியும் முடிந்தது.

அதன் பிறகு அவர் நாட்டின் மறுகோடிக்கு, லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனார். தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் மகளிர் மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியர் ஆனார். உலகம் இன்று நினைவில் வைத்திருக்கும் கெகல் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார். அப்போது அவருக்கு வயது 40-ஐத் தாண்டிவிட்டது.

கசிவு ஏன் வருது?

கெகல் என்ன கண்டுபிடித்தார் என்று புரிய, முதலில் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

முன்னால் இருக்கும் அந்தரங்க எலும்பில் இருந்து பின்னால் வால் எலும்பு வரை ஒரு தூளி கட்டினது மாதிரி தசைகள் விரிந்திருக்கின்றன. இவைதான் இடுப்புத் தளத் தசைகள். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது இந்தத் தூளிதான். சிறுநீர்க் குழாய், பிறப்புறுப்பு, மலவாய் மூன்றும் இதன் வழியாகத்தான் வெளியே வருகின்றன. தும்மும்போதும் இருமும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் திடீரென்று கூடும். அந்த நொடியில் இந்தத் தசை இறுகி சிறுநீர்க் குழாயை அடைத்துப் பிடிக்கும். நமக்குத் தெரியாமலே நடக்கிற வேலை இது.

கர்ப்ப காலத்தில் குழந்தை, பனிக்குடம், நஞ்சுக்கொடி என்று மொத்த எடையும் இந்தத் தூளியின் மேல்தான். ஹார்மோன்களும் திசுக்களைத் தளர்த்திவிடும். சுகப்பிரசவத்தில் குழந்தை வெளியே வரும்போது இந்தத் தசை ரொம்பவே இழுபடும், சில சமயம் கிழியவும் செய்யும்.

பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை ஈஸியாகப் புரிய வைக்கலாம். ஜட்டியின் எலாஸ்டிக்கை அளவுக்கு மேல் இழுத்துப் பிடித்தால் தொளதொளவென்று ஆகிவிடும் இல்லையா? கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. போன எலாஸ்டிக் போனதுதான், மாற்றித்தான் தைக்க வேண்டும். தசை அப்படி இல்லை. வேலை கொடுத்தால் மீண்டும் பலம் பெறும்.

இந்த வித்தியாசத்தைத்தான் கெகல் பிடித்துக்கொண்டார்.

ஆபரேஷன் மட்டும்தானா வழி?

அந்தக் காலத்தில் சிறுநீர்க் கசிவு என்று டாக்டரிடம் போனால் பேச்சு பெரும்பாலும் ஆபரேஷனில்தான் போய் முடியும். சிறுநீர்க் குழாயைச் சுற்றித் தையல் போட்டு இறுக்கும் முறை 1910-களிலேயே வந்துவிட்டது. ஆனால், ஆபரேஷன் முடிந்தும் சிலருக்குக் கசிவு திரும்ப வந்தது.

கெகலின் கேள்வி சிம்பிளானது. கை உடைந்து கட்டுப் போட்டால், கட்டைப் பிரித்த பிறகு பயிற்சி கொடுத்துத்தானே அந்தத் தசையைப் பழைய நிலைக்குக் கொண்டு வருகிறோம்? பிரசவத்தில் அடிபட்ட தசைக்கு மட்டும் ஏன் அதைச் செய்வதில்லை? இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்கு, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித் தசையைப் பலப்படுத்தும் முறையை தாமஸ் டிலோர்ம் என்ற ராணுவ மருத்துவர் 1945-ல் வெளியிட்டிருந்தார். எதிர்ப்பைப் படிப்படியாகக் கூட்டும் அதே தத்துவத்தை கெகல் இடுப்புத் தளத்துக்குக் கொண்டு வந்தார்.

ஆனால் ஒரு சிக்கல். கையில் டம்பெல் தூக்கினால் தசை அசைவது கண்ணுக்குத் தெரியும். இடுப்புத் தளத் தசை யார் கண்ணுக்குத் தெரியும்? அப்படி ஒரு தசை இருப்பதே பல பெண்களுக்குத் தெரியாது. இறுக்கச் சொன்னால் வயிற்றை இறுக்குவார்கள், பின்புறத்தை இறுக்குவார்கள், மூச்சை அடக்குவார்கள். இறுக்க வேண்டிய தசை மட்டும் அசையவே அசையாது.

ஒரு ரப்பர் குழாய், ஒரு மீட்டர்

இதற்காக கெகல் ஒரு கருவி செய்தார். பெயர் பெரினியோமீட்டர். பார்க்க ரொம்ப சாதாரணமாக இருக்கும். சுமார் 2 சென்டிமீட்டர் அகலம், 8 சென்டிமீட்டர் நீளத்தில் காற்று நிரம்பிய ஒரு ரப்பர் உறை. அதை பிறப்புறுப்புக்குள் வைக்க வேண்டும். அதில் இருந்து ஒரு டியூப், பிரஷர் பார்க்கும் கருவியில் இருப்பது போன்ற ஒரு மீட்டருக்குப் போகும். அதில் 0 முதல் 100 வரை அளவுகள். சரியான தசையை இறுக்கினால் முள் ஏறும். தப்பாக இறுக்கினால் முள் ஏறாது.

அவ்வளவுதான் கருவி. ஆனால் இது செய்த வேலை பெரிசு. தன் உடம்புக்குள் நடப்பதை ஒரு பெண் முதல் முறையாகத் தன் கண்ணால் பார்த்தாள். இன்று முள் இத்தனையில் நிற்கிறது, போன வாரம் இத்தனையில் நின்றது என்று அவளே கணக்கு வைத்துக்கொள்ளலாம். உடம்பு செய்வதை உடனுக்குடன் காட்டித் திருத்தும் இந்த முறைக்கு பயோஃபீட்பேக் என்ற பெயர் வந்ததே 1960-களின் கடைசியில்தான். கெகல் 1940-களிலேயே அதைச் செய்துகொண்டிருந்தார்.

அவருடைய முறை ரீல்ஸில் வருவது போல 30 செகண்ட் விஷயம் இல்லை. முதலில் அவரே விரலால் பரிசோதித்து, எந்தத் தசை, எப்படி இறுக்க வேண்டும் என்று ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனியாகக் கற்றுக்கொடுத்தார். பிறகு வீட்டில் தினமும் மூன்று வேளை, வேளைக்கு 20 நிமிடம் பயிற்சி. ஒரு நாளைக்கு சுமார் 300 தடவை இறுக்கித் தளர்த்த வேண்டும். சரியாகச் செய்கிறார்களா என்று திரும்பத் திரும்பப் பார்த்துத் திருத்தினார்கள்.

1948... அந்தக் கட்டுரை

1948 ஆகஸ்ட் மாதம் அமெரிக்க மகப்பேறு, மகளிர் மருத்துவ இதழில் கெகலின் கட்டுரை வெளியானது. பிரசவத்துக்குப் பிறகு பலவீனமான இடுப்புத் தளத் தசையை, படிப்படியான பயிற்சியால் மீட்க முடியும் என்பதுதான் அதன் சாரம். 1951-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் சிறுநீர்க் கசிவுக்கு இந்தப் பயிற்சி சிகிச்சை பற்றி எழுதினார். 1952-ல் இதே தசைக்கும் தாம்பத்திய உறவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எழுதினார். பெண்ணின் உடம்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசவே தயங்கிய காலம் அது.

தன்னிடம் வந்தவர்களில் 84 சதவீதத்துக்கு மேல் குணமானதாக கெகல் கணக்குக் கொடுத்தார். இன்றைய அளவுகோலில் பார்த்தால் இதில் குறை உண்டு. பயிற்சி செய்யாத இன்னொரு குழுவோடு ஒப்பிட்டு அவர் சோதிக்கவில்லை. அதனால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் பாதை சரியானது என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

அவருக்கு முன்னாடி யாருமே சொல்லலையா?

சொல்லியிருக்கிறார்கள். யோகாவில் மூலபந்தம் என்ற பயிற்சி பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. நோக்கம் வேறு என்றாலும், இறுக்கும் இடம் கிட்டத்தட்ட இதே இடம்தான். 1936-ல் லண்டனில் மார்கரெட் மோரிஸ் என்ற நடனக் கலைஞரும், செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் மின்னி ராண்டெல்லும் சேர்ந்து பேறுகாலப் பயிற்சிகள் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்கள். இடுப்புத் தளத்தை இறுக்கித் தளர்த்துவது அதிலும் உண்டு.

ஆக, இறுக்கும் பயிற்சியை கெகல் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. சரியான தசைதானா என்று பரிசோதிப்பது, அளப்பது, திருத்துவது, தினக் கணக்கு வைப்பது... இதை ஒரு சிகிச்சையாக மாற்றியதுதான் அவர் செய்தது. சோகம் என்னவென்றால், அவர் பெயரில் உலகம் பரப்பியது அந்த இறுக்கும் பயிற்சியை மட்டும்தான்!

ஜெயித்தது ஆபரேஷன்

கெகலின் கட்டுரை வந்த அடுத்த வருடமே, 1949-ல், மார்ஷல், மார்செட்டி, கிராண்ட்ஸ் என்ற மூன்று அமெரிக்க டாக்டர்கள் புதிய ஆபரேஷன் முறை ஒன்றை வெளியிட்டார்கள். அது வேகமாகப் பரவியது. தினமும் 300 தடவை இறுக்கி, மாதக்கணக்கில் காத்திருப்பதை விட ஒரே ஆபரேஷனில் முடிப்பது டாக்டர்களுக்கும் நோயாளிகளுக்கும் வசதியாகத் தெரிந்தது. ஒவ்வொரு பெண்ணுக்கும் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க நேரமோ ஆளோ இல்லை. பெரினியோமீட்டர் ஓரங்கட்டப்பட்டது. பிரசவ வார்டில் ஒரு துண்டுப் பேப்பர், இறுக்கித் தளர்த்துங்கள் என்று போகிறபோக்கில் ஒரு அட்வைஸ் என்று கெகலின் முறை சுருங்கிவிட்டது.

1980-களில்தான் நிலைமை மாற ஆரம்பித்தது. ஆபரேஷன் இல்லாத வழிகளை டாக்டர்கள் மறுபடி தேடினார்கள். நார்வே, பிரிட்டன் போன்ற நாடுகளின் பிசியோதெரபிஸ்ட்டுகள் கெகலின் முறையை முறையான ஆய்வுகளில் சோதித்துப் பார்த்தார்கள்.

1991-ல் அமெரிக்காவில் 47 பெண்களிடம் நடந்த ஒரு சின்ன ஆய்வு முக்கியமானது. வாய்மொழியாகவோ எழுத்திலோ சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சரியாகச் செய்கிறார்களா என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். சரியாகச் செய்தவர்கள் பாதிப் பேர்தான். கால்வாசிப் பேர் செய்தது கசிவைக் கூட்டக்கூடிய விதத்தில் இருந்தது. அதாவது மேலே தூக்க வேண்டியதை கீழே முக்கித் தள்ளினார்கள்!

கெகல் எதற்காக அந்த ரப்பர் குழாயையும் மீட்டரையும் கட்டிக்கொண்டு அழுதார் என்பதற்கு இதை விட வேறு பதில் தேவையில்லை.

கர்ப்பத்திலேயே ஆரம்பித்தால்?

கெகல் பெரும்பாலும் பிரச்சினை வந்த பிறகு சிகிச்சை கொடுத்தவர். வருவதற்கு முன்னாலேயே தடுக்க முடியுமா என்பது அடுத்த தலைமுறையின் கேள்வி.

2003-ல் வெளியான நார்வே ஆய்வில் முதல் குழந்தையைச் சுமந்த 301 பெண்கள் கலந்துகொண்டார்கள். ஒரு குழுவுக்கு பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் 12 வாரம் பயிற்சி. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில், பயிற்சி செய்தவர்களில் 32 சதவீதம் பேருக்குக் கசிவு இருந்தது. மற்ற குழுவில் 48 சதவீதம். பிரசவமாகி 3 மாதம் கழித்து அது 20-க்கு 32 என்று இருந்தது.

2020-ல் காக்ரேன் அமைப்பு உலகம் முழுவதும் நடந்த 46 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. கசிவு இல்லாத பெண்கள் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே பயிற்சியை ஆரம்பித்தால், கடைசி மாதங்களில் கசிவு வரும் அபாயம் சுமார் 62 சதவீதம் குறைகிறது. பிரசவத்துக்குப் பிந்தைய 3 முதல் 6 மாத காலத்தில் 29 சதவீதம் குறைகிறது. யாருக்குமே வராது என்று இதற்கு அர்த்தம் இல்லை. வாய்ப்பு நன்றாகக் குறைகிறது என்பதுதான் விஷயம்.

சிசேரியன்தானே, எனக்கு எதுக்கு என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி சுமார் 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அதில் அபாயம் குறைவுதான். ஆனால் ஒன்பது மாதம் எடையைச் சுமந்தது இதே தசைதான் என்பதால், கசிவே வராது என்று சொல்ல முடியாது.

சரியா செய்வது எப்படி?

* முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். உட்கார்ந்தோ, ஒருக்களித்துப் படுத்தோ ஆரம்பிக்கலாம்.
* வாயு வெளியேறாமல் அடக்குவது போலவும், அதே நேரம் சிறுநீரை நிறுத்துவது போலவும் நினைத்துக்கொண்டு, அந்த இடத்தை உள்பக்கமாக, மேல்நோக்கி இழுங்கள். கீழே முக்கக் கூடாது.
* வயிறு, தொடை, பின்புறம் இறுகக் கூடாது. மூச்சு சாதாரணமாகப் போய் வர வேண்டும். பேசிக்கொண்டே செய்ய முடிகிறதா என்று பார்த்தால் மூச்சை அடக்குகிறீர்களா என்று தெரிந்துவிடும்.
* சில விநாடி பிடித்து, அதே அளவு நேரம் முழுசாகத் தளர்த்துங்கள். தளர்த்துவதும் பயிற்சியில் பாதி.
* கெகல் சொன்ன 300 இன்று தேவையில்லை. ஒரு வேளைக்கு 8 தடவை, தினமும் 3 வேளை, குறைந்தது 3 மாதம் என்பது பிரிட்டன் மருத்துவ வழிகாட்டுதல். மெஷினில் உட்கார்ந்தபடியே செய்யலாம், யாருக்கும் தெரியாது.
* தும்மலோ இருமலோ வரப்போகிறது என்று தெரிந்ததும், அதற்கு முன் ஒரு நொடி இறுக்கிக்கொள்ளப் பழகுங்கள்.
* சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யாதீர்கள். சிறுநீர்ப்பை சரியாகக் காலியாகாமல் போகலாம்.

பிரசவம் முடிந்த பிறகு, வலி குறைந்து, சிறுநீர் இயல்பாகப் போக ஆரம்பித்ததும் மெதுவாகத் தொடரலாம். எரிச்சல், காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, கீழே ஏதோ இறங்கி வருவது போன்ற உணர்வு இருந்தால் பயிற்சியை நம்பிக்கொண்டு இருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள். இறுக்கும்போது வலித்தாலும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். சிலருக்குத் தசை தளர்ந்திருக்காது, அளவுக்கு மேல் இறுகியிருக்கும். அவர்களுக்குத் தேவை வேறு சிகிச்சை.

கேட்க வேண்டிய ஒரு கேள்வி

பிரான்ஸில் பிரசவமான பெண்களுக்கு இடுப்புத் தளப் பயிற்சி வகுப்புகளின் செலவை அரசுக் காப்பீடே ஏற்கிறது. நம் ஊரில் கர்ப்பிணிகளுக்கு எடை பார்க்கிறார்கள், பிரஷர் பார்க்கிறார்கள், ரத்தம் பார்க்கிறார்கள், ஸ்கேன் எடுக்கிறார்கள். தும்மினால் கசிகிறதா என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் வருவதில்லை. அவர்களும் கேட்பதில்லை, இவர்களும் சொல்வதில்லை.

ரீலைப் பார்த்து வீட்டில் ஆரம்பிப்பதில் தப்பில்லை. ஆனால் அடுத்த செக்கப்புக்குப் போகும்போது, நான் சரியான தசையைத்தான் இறுக்குகிறேனா, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள் என்று மகப்பேறு டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ கேளுங்கள். கேட்க வெட்கமாக இருக்கலாம். 1940-களில் லாஸ் ஏஞ்சல்ஸில் கெகலைத் தேடி வந்த பெண்களுக்கும் அது அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

அன்று அவர்களுக்கு, சரியாகச் செய்கிறோமா என்று காட்ட ஒரு முள் இருந்தது. இன்று ராயபுரத்தில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் பெண்ணுக்கும் அதைப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அதுவரை தண்ணீர் பாட்டிலை மூடி வைக்க வேண்டாம். குடியுங்கள்.